வேலிக்குள் இன்னொருவன்

நவம்பர் 19

அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நாம் இரண்டு பேரும் மூன்றாவது வாக்கியத்திலேயே குரலை உயர்த்திவிடுகிறோம். காகிதத்தில் கத்த முடியாது என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் தம்பியின் ஒலிப்பதிவுக் கருவி உங்கள் வீட்டில் இருக்கிறது. போன குளிர்காலத்தில் அவர் உங்கள் கொல்லையில் உட்கார்ந்து அந்தச் சிவப்புக் கழுத்துப் பறவையின் பாட்டைப் பதிவு செய்தது அதில்தான். பறவைக் கணக்கெடுப்பில் அவரோடு வேலை பார்த்த பேராசிரியர் இப்போது அதைக் கேட்கிறார். அந்தப் பறவை குளிர்காலத்துக்கு இந்தப் பக்கம் வந்து தங்குவதே அபூர்வமாம். தங்கிய இடத்தில் பாடியதை இங்கே யாரும் பிடித்ததில்லையாம். அவர் பெயரிலேயே கட்டுரை வரும் என்கிறார். தயவுசெய்து பார்சலில் அனுப்பி வையுங்கள்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாமல் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அன்று துக்கத்துக்கு வந்த எல்லோரும் போன பிறகு உங்கள் சமையலறையில் பேசியதைப் பற்றி இதில் எழுத விரும்பவில்லை. "உங்க வீட்டுக் கொல்லைக் குளிர்தான் அவர் நெஞ்சுல சளியா இறங்கிச்சு" என்றேன். நீங்களும் சும்மா இருக்கவில்லை. "அவன் வாய்விட்டுச் சிரிச்சது இந்த வீட்டுலதான், உன் வீட்டுல இல்ல" என்றீர்கள். எழுத விரும்பவில்லை என்று சொல்லிவிட்டு எழுதிவிட்டேன். அடித்தால் தாள் அசிங்கமாகும். இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மனைவி


நவம்பர் 27

என் தம்பி மனைவிக்கு,

ஆண்டவன் அருளால் இங்கே நலம். இவருக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

கருவியை இப்போது அனுப்ப முடியாது. காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நாத்தனார் வஞ்சகம் பண்ணினாள் என்று பேச்சு வரக்கூடாது.

குடித்தனக்காரன் வந்துவிட்டான். வாடகை தராமல் மூன்றாவது குளிர்காலமாக என் கொல்லையில் தங்குகிற அந்தப் பறவைக்குத் தம்பி வைத்த பெயர் அது, உனக்கும் தெரியும். அடையாளத்துக்குத் தம்பி மாட்டிவிட்ட நீல வளையம் காலில் அப்படியே இருக்கிறது. குழாயடிச் சாக்கடையிலிருந்து எலுமிச்சை மரம் வரைக்கும், முள்வேலி நீளத்துக்கு அவன் ராஜ்ஜியம். வேறு சின்னக் குருவி எதுவும் உள்ளே கால் வைத்தால் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான். பத்திரம் பதிந்து வாங்கினவன் தோற்றான்.

கருவியில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. முதலில் தம்பி பேசுகிறான். "காலை. பனி. காத்து இல்ல. வேலிக்குள்ள இருக்கான். அக்கா, அந்தக் குழாயைக் கொஞ்சம் மூடேன்." நான், "இருடா, பாத்திரம் பாதியில நிக்குது" என்கிறேன். "பாத்திரம் எங்கயும் ஓடாது, இவன் ஓடிடுவான்" என்கிறான். அப்புறம் பறவையின் பாட்டு, ரொம்ப நேரம். கடைசியில் தம்பி சிரித்துக்கொண்டே, "பாத்தியா, உன் குடித்தனக்காரன் என்னையே விரட்டுறான்!" என்று சொல்கிறான். அத்தோடு முடிந்தது. நடுவில் தாண்டுவதற்கு எந்தப் பொத்தானோ எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. அவன் சிரிப்பைக் கேட்க வேண்டுமானால் பாட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறேன்.

வீட்டுக்குள் போட்டால் இவருக்குத் தாங்கவில்லை. "செத்தவனைத் தினம் எழுப்பி வேலை வாங்குறியே, அவனுக்கு லீவே கிடையாதா?" என்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார். அதனால் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் துணி துவைக்கிற கல்லில் கருவியை வைத்துப் போடுகிறேன்.

இனிமேல் சொல்வதை நீ நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி. தம்பி குரல் கேட்டதும் அந்தப் பறவை வேலியை விட்டு வெளியே வருகிறது. கல்லுக்குப் பக்கத்திலேயே வந்து நின்று, கழுத்தை நீட்டி, அதுவும் பாடுகிறது. ஆள் நிழல் பட்டாலே முள்ளுக்குள் ஒளிகிற பிறவி. தம்பிக்குப் பதில் சொல்ல வருகிறது. கடவுள் ஒரு கதவை மூடிவிட்டு ஜன்னலில் நின்று எட்டிப் பார்க்கிறார் என்றே நினைக்கிறேன். குளிர்காலம் முடிந்து அது கிளம்பட்டும். அதற்கு முன்னால் கருவியைக் கேட்காதே.

உன் அண்ணி


டிசம்பர் 4

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்துக்கு இரண்டு பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

கோபமாக எழுதவில்லை, சில விஷயங்கள் மட்டும் கேட்கிறேன். காலையில் ஒரு தடவைதான் போடுகிறீர்களா? அது வந்து நிற்கும்போது உடம்பு எப்படி இருக்கிறது, இறகு ஒட்டியிருக்கிறதா, உப்பியிருக்கிறதா? பாட்டு நின்ற பிறகு திரும்பிப் போய் இரை தேடுகிறதா? அங்கே இப்போது குளிர் எப்படி?

பதில் வரும்வரை கருவியைச் சமையலறையில் வைத்துக் கேளுங்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு. அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்வார்.

நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவர் வந்தார். புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பழசுலயே எல்லாரும் அழகா இருந்தாங்கம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
தம்பி மனைவி


டிசம்பர் 12

தம்பி மனைவிக்கு,

உன் கேள்விகளுக்கு முதலில் பதில். அப்புறம் என் ஆற்றாமை.

முதலில் காலையில் மட்டும்தான் போட்டேன். அது இவ்வளவு ஆசையாக வருகிறதே என்று மத்தியானமும், வெளிச்சம் மங்குவதற்கு முன்னாலும் போடுகிறேன். இறகு உடம்போடு ஒட்டி, மெல்லிசாக, நிமிர்ந்து நிற்கிறது. கழுத்துச் சிவப்பு தணல் மாதிரி. வாய் பாதிதான் திறக்கிறது, ஆனால் பாட்டு விடாமல் வருகிறது. கருவியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. இப்போதெல்லாம் நான் கல்லில் கருவியை வைப்பதற்குள்ளேயே வந்து நிற்கிறது. பாட்டு நின்ற பிறகும் போக மாட்டேன் என்கிறது. மண்ணைக் கிளறிப் புழு எடுத்துத் தட்டில் வைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரதம் இருக்கிற மாதிரி இருக்கிறது. குளிர் கடுமை. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவே யோசிக்கிறது.

போதுமா? இப்போது நான் கேட்கிறேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு கேள் என்கிறாயே, நான் என்ன திருட்டு வேலையா செய்கிறேன்? அவனுடைய துணி, புத்தகம், பைனாகுலர், ஈரம் காயாத பூட்ஸ்கூட நீ எடுத்துக்கொண்டு போனாய். ஒரு வார்த்தை கேட்டேனா? சட்டப்படி உன்னுடையது, எடுத்துக்கொண்டாய். மிச்சம் இருப்பது ஒரு குரல். அதற்கும் அளவு போட்டுக் கொடுக்கிறாய். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்தான், அவன் பறவைப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவள்தான். ஆனால் அவனுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். அவனைத் தேடி ஒரு உயிர் வருகிறது. வேண்டாம் என்று கதவைச் சாத்த என்னால் முடியாது.

உன் அண்ணி


டிசம்பர் 17

அண்ணி,

அடுப்பில் எதுவும் வைக்காமல், உட்கார்ந்து படியுங்கள்.

அந்தப் பறவை அவர் குரலுக்கு வரவில்லை. கருவியில் இருக்கும் பாட்டுக்கு வருகிறது. அது போன வருஷம் தானே பாடியது என்று அதற்குத் தெரியாது. இன்னொரு ஆண் பறவை தன் வேலிக்குள் புகுந்து, இது என் இடம் என்று பாடுவதாக நினைக்கிறது. கழுத்தை நீட்டுவது அந்தச் சிவப்பைக் காட்டி மிரட்டுவதற்கு. சுற்றிச் சுற்றி வருவது எதிராளி எங்கே என்று தேடி. நிஜமான எதிராளி என்றால் ஒருவன் ஓடுவான், சண்டை முடிந்துவிடும். நீங்கள் கல்லில் வைக்கிற எதிராளிக்கு உடம்பே இல்லை. எவ்வளவு துரத்தினாலும் போக மாட்டான். மத்தியானம் மறுபடி வருவான்.

குளிர்காலத்தில் அந்த எல்லைதான் அதற்குச் சோறு. அதற்குள் கிடைக்கிற பூச்சியும் புழுவும்தான். அதனால்தான் உயிரைக் கொடுத்துக் காக்கிறது. உங்கள் தம்பியும் சில சமயம் பாட்டைப் போட்டு வரவழைத்ததுண்டு. ஒரு பருவத்துக்கு ஒரு தடவை, அதுவும் தலை தெரிந்ததும் நிறுத்திவிடுவார். "பகல் பூரா தின்னாத்தான் அது ராத்திரிக் குளிரைத் தாண்டும். நான் அதோட சாப்பாட்டு நேரத்தைத் திருடுறேன்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கெல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருப்பார்.

அது விரதம் இருக்கவில்லை, அண்ணி. சாப்பிட நேரமில்லாமல் காவல் காக்கிறது.

முதல் கடிதம் படித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கு அப்படி ஒரு ஆறுதல் கிடைத்திருக்கும்போது அதைப் பிடுங்க நான் யார் என்று நினைத்தேன். பறவைதானே, போகட்டும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். ஆனால் அவர் இருந்தால் என்னை மன்னிக்க மாட்டார்.

இன்னொன்று. பூட்ஸ் என்னிடம் இருக்கிறது, உண்மை. குரல் இல்லை. பழைய போன் உடைந்தபோது எல்லாம் போய்விட்டது. பேராசிரியர் கேட்டது நிஜம்தான். ஆனால் அவர் கேட்டது எனக்கு வசதியாகப் போயிற்று.

தம்பி மனைவி


டிசம்பர் 22

உன் கடிதம் கிடைத்தது.

உனக்குப் பறவையைப் பற்றி எல்லாம் தெரியும். எனக்குத் தெரிந்தவர் கடவுள் ஒருவர்தான். அவர் இப்படி விளையாட மாட்டார்.

இனி இது விஷயமாக எழுத வேண்டாம்.


ஜனவரி 7

அம்மாடி,

எழுத வேண்டாம் என்றவள் எழுதுகிறேன். கருவியையும் இதோடு பார்சலில் வைத்திருக்கிறேன். இவருடைய பழைய பனியனில் சுற்றியிருக்கிறேன், துவைத்ததுதான்.

அந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீ சொன்னது பொய் என்று காட்டிவிட வேண்டும் என்றே கொல்லைக்குப் போனேன். கருவியைப் போட்டேன். தம்பி பேசி முடித்ததும், பாட்டு ஆரம்பிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். பறவை எலுமிச்சை மரத்தடியில் இலையைப் புரட்டிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கவில்லை. கேட்கவில்லையோ என்று சத்தத்தைக் கூட்டி மறுபடி போட்டேன். அவன் "அக்கா" என்கிறான். அது இலையைப் புரட்டுகிறது. "இவன் ஓடிடுவான்" என்கிறான். அது இலையைப் புரட்டுகிறது. பிறகு பாட்டை ஓடவிட்டேன். கல்லெறிந்த மாதிரி வந்து விழுந்தது.

கிட்டே பார்த்தேன். நெஞ்செலும்பு கத்தி விளிம்பு மாதிரித் தெரிந்தது. இத்தனை நாள் அதன் கழுத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். ஒரு காசு தப்பாமல் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான். வரவு என்று சந்தோஷமாக எழுதி வந்தது முழுக்கச் செலவு. அதையும் அந்தச் சின்ன உடம்பிலிருந்து எடுத்திருக்கிறேன். "என்னையே விரட்டுறான்" என்று தம்பி தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். நான் சிரிப்பைத்தான் கேட்டேன்.

அன்றே கருவியை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். பறவை தேறிவிடும் என்று நினைத்தேன். கொஞ்சம் தின்னவும் ஆரம்பித்தது.

புது வருஷம் பிறந்து ஓரிரு நாள் இருக்கும். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன், வேலிக்குள் பாட்டு. இவர் உள்ளேயிருந்து, "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று கத்தினார். "நான் இல்லங்க!" என்றேன். கையெல்லாம் சோப்பு நுரை. எலுமிச்சைக் கிளையில் இன்னொருவன் உட்கார்ந்திருந்தான். அதே சிவப்புக் கழுத்து, தளதளவென்று உடம்பு. காலில் வளையம் இல்லை.

நம்மவன் வெளியே வந்தான். நிமிர்ந்தான். ஒரு அடி பாடினான், இரண்டாவது அடி பாதியில் நின்றுவிட்டது. உடம்பில்லாதவனோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டியவனுக்கு, உடம்போடு ஒருவன் வந்தபோது மிச்சம் ஒன்றும் இல்லை. நான் ஈரத்துணியை வீசிப் புதியவனை விரட்டினேன். இவர் முழங்காலை இழுத்துக்கொண்டு துடைப்பத்தோடு ஓடி வந்து, "எது நம்ம ஆளு? சீக்கிரம் சொல்லுடி, எது நம்ம ஆளு?" என்கிறார். ஒரு சுற்று சுற்றிவிட்டுப் புதியவன் அதே கிளைக்கு வந்து உட்கார்ந்தான். எங்களை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் நம்மவனைத் தெருவோரம், சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் பார்த்தேன். இறகை உப்பிக்கொண்டு, ஒரு உருண்டையாக. அதற்கப்புறம் காணவில்லை. செத்துப்போனானா, வேறு எங்காவது ஒதுங்கினானா, தெரியாது. கொட்டகைக்காரரிடம்கூடக் கேட்டுவிட்டேன். "குருவியாம்மா? இங்க ஆயிரம் குருவி வருது" என்றார்.

பிரார்த்தனையில் உட்கார்கிறேன். என்ன கேட்பது என்று தெரியாமல் எழுந்துவிடுகிறேன்.

அண்ணி


ஜனவரி 15

அண்ணி,

பார்சல் வந்தது. நீங்கள் சுற்றியிருந்த பனியனைப் பிரிக்கவே எனக்கு ஒரு நாள் ஆயிற்று.

கடையில் கண் பரிசோதிக்கிற இருட்டு அறை இருக்கிறது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அதில் உட்கார்ந்து கேட்டேன். அவர் குரல் நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் கொஞ்சம் மெல்லியது. முழுவதும் கேட்டேன். திரும்பவும் கேட்டேன். எங்காவது என்னைப் பற்றி ஒரு வார்த்தை வராதா என்று தேடினேன். வரவில்லை. "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார். பொறாமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

பாட்டுக்கு நடுவில் ஒரு இடத்தில் அவர் இருமலை அடக்குகிறார். உங்களுக்கு அது கேட்டிருக்காது. வாயைத் துணியால் மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சு விடுவார். பக்கத்துக் கட்டிலில் கோடைக்காலம் பூரா நான் கேட்ட இருமல். நான் திட்டுவேன் என்று அப்படி அடக்கப் பழகியிருந்தார். அந்த இருமல் உங்கள் கொல்லையில் பிடித்தது இல்லை, அண்ணி. இங்கிருந்து கிளம்பும்போதே அவர் கொண்டுபோனது. அன்று நான் சொன்னது தப்பு.

பறவையைப் பற்றி என்ன சொல்வது? குளிரே அதைக் கொண்டுபோயிருக்கலாம். புதியவன் எப்படியும் வந்திருக்கலாம். பேராசிரியரும் அதைத்தான் சொன்னார். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

பாட்டை நீக்கிவிட்டுப் பேச்சை மட்டும் தனியாக எடுத்துத் தர முடியுமாம். எடுத்து அனுப்பட்டுமா? அதை எங்கே வைத்துக் கேட்டாலும் எந்த உயிருக்கும் தொந்தரவு இல்லை.

பிப்ரவரியில் எனக்கு ஒரு வாரம் விடுப்பு இருக்கிறது. வரலாமா?

தம்பி மனைவி


ஜனவரி 23

அம்மாடி,

வரலாமா என்று கேட்கிற அளவுக்கு உன்னை ஆக்கிவிட்டேன். வா. உள்ளறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். இவர் இப்போதே ரயில் நேரம் பார்க்கிறார்.

பாட்டை நீக்க வேண்டாம். யோசித்துத்தான் சொல்கிறேன். அந்தப் பாட்டு ஓடுகிற நேரம் முழுவதும் தம்பி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். இருமலைக்கூட விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நீதான் எழுதியிருக்கிறாய். அதையும் வெட்டி எறிந்துவிட்டால் அவன் பேசின நாலு வார்த்தைதான் மிஞ்சும். முழுசாக உன்னிடமே இருக்கட்டும். எனக்கு அவன் "அக்கா" என்றது போதும், அது மறக்கிறவரைக்கும். உனக்கு அதுவும் கிடைக்கவில்லையே என்று இரண்டு நாளாக அதே நினைப்பு. அவன் ஒரு வாய் சாப்பிடும் முன்னால், "அவ சாப்பிட்டிருப்பாளா?" என்று கேட்பான். அதைப் பதிவு பண்ண இந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. நான் சொல்வதை நம்பு.

யார் வீட்டுக் குளிர் என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம். நீ எனக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம், நான் உனக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம். அவன் போய்விட்டான்.

வருவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாந்து போகாதே. கொல்லையில் இப்போது இருப்பது அவன் பார்த்த பறவை இல்லை. புதியவன் குழாயடியிலிருந்து எலுமிச்சை மரம் வரைக்கும் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டான். ஒரு அங்குலம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. காலையில் பாடுகிறான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவுகிறேன். இவனும் எங்கிருந்தோ கடலும் மலையும் தாண்டி, பசியோடு வந்தவன்தான். எனக்குத் தெரியாதா? பிரார்த்தனையில் இவனுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லப் பார்க்கிறேன். நாக்கு எழ மாட்டேன் என்கிறது.

நீ வந்ததும் கொல்லைக் கதவருகே நின்று அவனை நன்றாகப் பார். பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறான் என்று என் காதில் விழும்படி ஒரு தடவை சொல். இந்த வீட்டில் இன்னும் யாரும் சொல்லவில்லை.

அண்ணி